"கம்பளிய மிஸ் பண்றா"ன்னா காணோம்னு அர்த்தமா, ஏங்குறான்னு அர்த்தமா?

பூண்டுவயல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பூம்பாறைல ரெண்டு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன், மத்த நேரம் பூண்டு வயலு. இங்கிலீஷ் ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சது, கெஸ்ட்டுககிட்ட பேசிப் பேசி காது பழகிருச்சு, ஆனா எழுத்துல வந்தா இன்னும் தடுமாறுது. தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க.

போன வாரம் வடக்க இருந்து ஒரு குடும்பம் வந்தாங்க, புருசன் பொண்டாட்டி, நாலு வயசுல ஒரு பாப்பா. மூணு நாள் தங்குனாங்க. பாப்பாவுக்கு குளிர் தாங்கலன்னு எங்க அப்பத்தா தன்னோட பழுப்புக் கம்பளிய எடுத்துப் போத்தி விட்டுச்சு, அதுக்கப்புறம் அந்தப் புள்ள கம்பளிய விடவே இல்ல, சாப்பிட வந்தாலும் தரையில இழுத்துக்கிட்டே வரும். ஞாயித்துக்கெழம கெளம்பிட்டாங்க. செவ்வாக்கெழம ராத்திரி எட்டரைக்கு போன்ல சத்தம், எடுத்துப் பாத்தா நோட்டிஃபிகேஷன்ல இம்புட்டுத்தான் தெரியுது: "ரீச்ட் ஹோம். அவர் டாட்டர் இஸ் மிஸ்ஸிங்..."

கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சுங்க. புள்ளயக் காணோமாம்! மூணு நாளா நம்ம அடுப்பங்கரைல ஒக்காந்து அப்பளம் தின்ன புள்ள. பதறிப்போய் தொறந்தா மிச்சம் இருக்கு, "தி பிரவுன் பிளாங்கெட்". சரி, புள்ள பத்திரமாத்தான் இருக்குன்னு மூச்சு வந்துச்சு. வந்த ஒடனே அடுத்த கவலை. அவங்க கம்பளி எதோ காணோம்ங்கிறாங்க, நம்ம வீட்ல விட்டுட்டுப் போயிருக்காங்க போல, நாம எடுத்து வச்சுக்கிட்டோம்னு நெனச்சுட்டா என்ன பண்றது, நாலு பேரு நம்பி வர்ற தொழில் இது. டார்ச்ச எடுத்துக்கிட்டு ரூமு, அலமாரி, கட்டிலடி, துணி காயப்போடுற கொடி, பூண்டு கட்டித் தொங்கவிட்டிருக்க பரண் வரைக்கும் தேடிட்டேன். பழுப்புல இருக்குறது அப்பத்தா கம்பளி ஒண்ணுதான்.

"ஸாரி சார், யுவர் பிளாங்கெட் நாட் ஹியர், ஒன்லி அவர் பிளாங்கெட்"னு அனுப்புனேன். அதுக்கு அந்தம்மா "நோ நோ, ஷி ஜஸ்ட் மிஸ்ஸஸ் இட்"னு ஒரு ஹார்ட்டு போட்டு அனுப்பிருக்காங்க. இப்ப இன்னும் கொழப்பம். பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்ங்கிறோம், பர்ஸ் மிஸ் ஆயிருச்சுங்கிறோம், உன்னைய மிஸ் பண்றேன்ங்கிறாங்க, இதெல்லாம் ஒரே சொல்லுதானா?

மலைக்காத்து:
தம்பி, பாப்பா அந்தக் கம்பளிக்கு ஏங்குதுன்னு அர்த்தம். ஒங்க மேல ஒரு குத்தமும் சொல்லல, நிம்மதியாத் தூங்குங்க.

மூஞ்சிக்கல்_டீச்சர்:
தம்பி, ராத்திரி டார்ச்சோட நீங்க தேடுனதப் படிச்சதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் கொடைக்கானல்ல இருபத்திரெண்டு வருசமா இங்கிலீஷ் எடுக்குறேன், மிஸ்ங்கிற சொல்லுல தடுக்கி விழாத புள்ளைய நான் பாத்ததில்ல, பெரியவங்களும் அப்படித்தான். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சொல்லு ஒண்ணேதான். பழைய இங்கிலீஷ்ல மிஸ்ஸன்னு இருந்துச்சு, எறிஞ்சது குறியில படாமப் போறதுதான் அதோட பழைய அர்த்தம். மாங்காய்க்கு கல் எறியுறீங்க, கல்லு பக்கத்துல போயிடுச்சு, அது மிஸ். அதுல இருந்து அப்படியே விரிஞ்சுகிட்டே போகுது. கைக்கு வர வேண்டிய பஸ்ஸு வராமப் போச்சு, அதுவும் மிஸ். இருக்க வேண்டிய எடத்துல ஒரு பொருள் இல்லேன்னு நமக்கு ஒறைக்குது, அதுவும் மிஸ். இல்லாததையே நெனச்சு மனசு அடிச்சுக்குது, அதுவும் மிஸ். நாலுலயும் பொதுவா இருக்குறது ஒரு வெத்து எடம், நமக்கும் அதுக்கும் நடுவுல.

இப்ப ஒங்க மெசேஜ எடுத்துக்கலாம். "அவர் டாட்டர் இஸ் மிஸ்ஸிங்"னு அதோட முற்றுப்புள்ளி வச்சா மகளைக் காணோம், போலீஸ் ஸ்டேஷன் போகணும். அதுவே பின்னாடி ஒரு பொருளோ ஆளோ வந்துட்டா, "இஸ் மிஸ்ஸிங் தி பிளாங்கெட்", மக எங்கயும் போகல, அவ மனசுதான் கம்பளிகிட்ட இருக்கு. கம்பளி காணோம்னு சொல்லணும்னா கம்பளிய முன்னாடி வைக்கணும், "தி பிளாங்கெட் இஸ் மிஸ்ஸிங்". மூணு வாக்கியமும் கிட்டத்தட்ட அதே சொல்லுகதான், எது முன்னாடி எது பின்னாடிங்கிறதுலதான் எல்லாமே மாறுது. நம்ம தமிழ்ல 'ஐ', 'க்கு'ன்னு ஒட்டு இருக்குறதால சொல்ல எங்க தூக்கிப் போட்டாலும் அர்த்தம் ஓடிப் போகாது, இங்கிலீஷ்ல அந்த ஒட்டு கெடையாது, வரிசைதான் எல்லாம். நோட்டிஃபிகேஷன் பாதில வெட்டுனது ஒங்க தப்பே இல்ல, நானா இருந்தாலும் அந்த மூணு புள்ளியப் பாத்து பதறித்தான் இருப்பேன்.

அப்புறம் பர்ஸ் சங்கதி. "பர்ஸ் மிஸ் ஆயிருச்சு"ன்னு நாம சொல்றத அப்படியே "மை பர்ஸ் மிஸ்ட்"னு எழுதுறாங்க, அது நிக்காது. "மை பர்ஸ் இஸ் மிஸ்ஸிங்", இல்லேன்னா "ஐ லாஸ்ட் மை பர்ஸ்". "ஐ மிஸ்ட் மை பர்ஸ்"னு எழுதுனா வேற அர்த்தம் வந்துரும், பர்ஸ் இல்லேங்கிறது எனக்கு அப்பதான் தெரிஞ்சதுன்னு. இத நிறைய பேருக்குத் தெரியாது. "ஹி டிடின்ட் மிஸ் ஹிஸ் கீஸ் அன்டில் ஹி ரீச்ட் வத்தலக்குண்டு", சாவி கையில இல்லேங்கிறது வத்தலக்குண்டு போய் எறங்குன அப்புறம்தான் அவருக்கு ஒறைச்சுது.

ஜீப்_அண்ணன்:
டீச்சர் நல்லா சொன்னீங்க. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நான் தூண் பாறைக்கு ட்ரிப் அடிக்கிறவன், 400 அடி பாறை கண்ணு முன்னாடி நிக்கும், ரெண்டே நிமிசத்துல மிஸ்ட், அதான் பனிமூட்டம், எறங்குனா ஒண்ணுமே இருக்காது, வெள்ளைத் துணி கட்டுன மாதிரி ஆயிரும். அப்ப வெளிநாட்டுக்காரங்க "வி மிஸ்ட் இட்"ம்பாங்க. நான் பல வருசமா அவங்க மிஸ்ட்ட பத்திதான் பேசுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு "எஸ் எஸ் மிஸ்ட் மிஸ்ட்"ம்பேன். ரெண்டும் ஒரே சத்தம்தானா?

மூஞ்சிக்கல்_டீச்சர்:
அண்ணே, சத்தம் அச்சு அசல் ஒண்ணுதான். எழுத்துல மட்டும்தான் வேற. மிஸ்ஸோட கடைசில வர்ற 'இ டி'ய 'டு'ன்னு சொல்லாம 'ட்'னு சொல்லணும், ஏன்னா முன்னாடி இருக்குறது 'ஸ்'. நம்ம புள்ளைங்க "மிஸ்ஸெடு"ன்னு இழுக்குறது அதனாலதான் தப்பு. கொடைக்கானல் புள்ளைங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கு, பொறந்ததுல இருந்து மிஸ்ட்டுங்கிற சொல்ல கேட்டு வளருதுங்க, டிக்டேஷன்ல "ஐ மிஸ்ட் தி பஸ்"னு சொன்னா பாதி கிளாஸ் பனிமூட்ட மிஸ்ட்ட எழுதி வைக்கும். நான் அதுக்கு மார்க் கொறைக்கிறது இல்ல, எடுத்துச் சொல்லி திருத்தச் சொல்லுவேன்.

ஆனா பிறப்புல ரெண்டும் ஒறவு கெடையாது. பனிமூட்ட மிஸ்ட்டுக்கு சமஸ்கிருதத்து மேகம் சொந்தக்காரன், ரெண்டும் ஒரே பழைய வேர். அந்த மேகத்தத்தான் நாமளும் மேகம்ங்கிறோம். அதனால நீங்க கோக்கர்ஸ் வாக்ல நின்னுக்கிட்டு "மேகம் எறங்கிருச்சு"ன்னாலும் "மிஸ்ட் எறங்கிருச்சு"ன்னாலும் ரொம்ப தூரத்துல ஒரே சொல்லத்தான் சொல்றீங்க.

பூண்டுவயல்:
டீச்சர் ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்லணும். நேத்து காலைல அப்பத்தாகிட்ட நடந்தத சொன்னேன். அதுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. மெசேஜ நான் எனக்கு தெரிஞ்ச மாதிரி தமிழ்ல, "பாப்பா, கம்பளி, மிஸ்ஸு, என்னமோ எழுதிருக்காங்க"ன்னு சொன்னேன். அடுப்புல சுள்ளி தள்ளிக்கிட்டே அது சொல்லுச்சு, "இதுக்கு எதுக்குடா ராத்திரி முழுக்க ஓடுன, புள்ளைக்கு கம்பளியத் தேடுது, அம்புட்டுத்தான்".

நான் தேடுனது வேற தேடுறது. அது சொன்னது வேற தேடுறது. அந்த ஒரு வார்த்தைய கேட்டதும்தான் எனக்கு சுள்ளுன்னு வெளங்குச்சு.

மூஞ்சிக்கல்_டீச்சர்:
தம்பி!! இத நான் இருபத்திரெண்டு வருசத்துல ஒரு நாள் கூட கிளாஸ்ல சொன்னதில்ல. ஏங்குறேன், நினைவா இருக்கு, இல்லாம கஷ்டமா இருக்குன்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தேன், எதுவும் சரியா ஒக்காரல, ஏங்குறதுன்னா அது கொஞ்சம் பெரிய சொல்லு, கம்பளிக்கெல்லாம் தாங்காது. "தேடுது" எப்படி மறந்துச்சு எனக்கு? ஊருக்குப் போன புள்ளைக்கு அம்மாவத் தேடும், அப்பா வெளிநாடு போயிட்டா கொழந்தைக்குத் தேடும், ராத்திரி அழும், காச்சல் கூட வரும், "தேடிப்போச்சு"ம்பாங்க பாட்டிமாரு. எங்க வீட்லயே எத்தனை தடவ கேட்டுருக்கேன்.

இதுல இன்னொன்னு கவனிங்க. "நான் கம்பளியத் தேடுறேன்"னா டார்ச் எடுக்கணும். "எனக்குக் கம்பளியத் தேடுது"ன்னா மனசு. அந்த 'க்கு' ஒண்ணுதான் வித்தியாசம், பசிக்குது, குளுருதுங்கிற மாதிரி, நாம செய்யுறது இல்ல, நமக்கு நடக்குறது. இங்கிலீஷ்காரன் வரிசைய மாத்தி பண்றத நாம 'க்கு' போட்டு பண்றோம்.

தென்காசிப்பொண்ணு:
எங்க பக்கம் "தேட்டமா இருக்கு"ன்னு சொல்லுவோம் டீச்சர். கல்யாணம் ஆகி கொடைக்கானல் வந்த புதுசுல எங்கம்மா போன்ல "ஒன்னைய ரொம்ப தேட்டமா இருக்குட்டி"ன்னு அழும். எங்க வீட்டுக்காரர் பெருமாள்மலைக்காரரு, அவருக்கு அந்த சொல்லு புதுசு, என்னத்தையோ தேடுறாங்களான்னு கேட்டாரு. இப்ப எங்க பையன் பாட்டிக்கு போன் போட்டு "பாட்டி ஐ மிஸ் யூ"ங்கிறான். நாளைல இருந்து தேட்டம்னு சொல்லிக் குடுக்கப் போறேன்.

கணக்குநோட்டு:
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். எங்களுக்கு சொல்லிக் குடுத்தது, லவ், நோ (தெரியும்ங்கிற நோ), லைக் மாதிரி மனசு சம்பந்தப்பட்ட வினைக்கு 'ஐஎன்ஜி' போடக்கூடாதுன்னு. அப்ப "ஐ ஆம் மிஸ்ஸிங் யூ" தப்புதானே? அந்த கெஸ்ட் எழுதுனதே தப்பான இங்கிலீஷ், அதனாலதான் தம்பிக்கு இவ்வளவு அலைச்சல். "மிஸ்ஸஸ்"னு மொதல்லயே எழுதிருந்தா பிரச்சினையே வந்துருக்காது.

மூஞ்சிக்கல்_டீச்சர்:
சார், அந்த விதி லவ்வுக்கும் நோவுக்கும் பெரும்பாலும் சரி. மிஸ்ஸ அந்தக் கூட்டத்துல சேக்க முடியாது. "ஐ மிஸ் யூ"ன்னா எப்பவும் இருக்குற ஏக்கம், "ஐ ஆம் மிஸ்ஸிங் யூ"ன்னா இந்த நாலு நாளா, இப்ப, இந்த நிமிசம். இங்கிலீஷ் தாய்மொழியா உள்ளவங்களே ரெண்டையும் தாராளமா சொல்லுவாங்க. ஊருக்குப் போயி ரெண்டு நாள்தான் ஆகுது, பாப்பா படுக்கப் போறப்ப கம்பளி கேட்டு அழுதிருக்கும், அதனாலதான் அந்தம்மா "இஸ் மிஸ்ஸிங்"னு எழுதிருக்காங்க. எனக்கு அது அழகாவே படுது.

உண்மையான தப்பு வேற எடத்துல இருக்கு, நம்ம ஊரு போர்டுலயே பாக்கலாம், "டோன்ட் மிஸ் டு சீ". மிஸ்ஸுக்குப் பின்னாடி அந்த 'டு' வரவே கூடாது. "டோன்ட் மிஸ் தி ஃபால்ஸ்"னு நேரா சொல்லணும். ஆபீஸ்ல "ஐ மிஸ்ட் டு அட்டென்ட் தி மீட்டிங்"னு மெயில் போடுறாங்க, "ஐ மிஸ்ட் தி மீட்டிங்" போதும். வினைதான் வேணும்னா 'ஐஎன்ஜி' போட்டுக்கணும், "ஐ மிஸ் சிட்டிங் பை தி ஃபயர்", அடுப்போரம் ஒக்காந்துருந்தது எனக்குத் தேடுது.

நர்ஸக்கா:
எங்க வேலைல தினம் வர்ற சொல்லு இது. மாத்திரை ஒரு வேளை போடாம விட்டா "மிஸ்ட் டோஸ்"னு எழுதுவோம், பேசண்ட்டு "விட்டுட்டேன் சிஸ்டர்"ம்பாங்க. பொம்பளைங்க "நாள் தள்ளிப்போச்சு"ம்பாங்க, அதுக்கும் நோட்ல எழுதுறது மிஸ்ட் பீரியட்தான். இங்கிலீஷ்ல ஒரு சொல்லு, நம்ம வாயில ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு இருக்கு.

ஏடும்எழுத்தும்:
நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பண்ணைக்காட்டுல இருக்கேன். இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது.

நர்ஸம்மா சொன்னது சரி, பஸ்ஸ நாம 'விட்டுட்டோம்'. குறிய மட்டும் விடுறதில்ல, குறி 'தப்பும்', 'தவறும்', பழைய தமிழ்ல 'பிழைக்கும்'. படைச்செருக்கு அதிகாரத்துல 772வது குறள்ல "யானை பிழைத்தவேல்"னு வருது, யானை மேல எறிஞ்சு படாமப் போன வேல். காட்டு முயல்மேல பட்ட அம்ப விட, யானைக்குக் குறி வச்சுத் தப்புன வேல ஏந்துறது இனிதுங்கிறார் வள்ளுவர். டீச்சரம்மா சொன்ன அந்த பழைய இங்கிலீஷ் அர்த்தம் இருக்கே, எறிஞ்சது படாமப் போறது, அதே எடத்துல நம்ம 'பிழைத்த' நிக்குது.

இப்ப இந்த மூணு சொல்லையும் வரிசையா வச்சுப் பாருங்க. பிழைன்னா குத்தம், பிழைச்சான்னா உசுரோட தப்பிச்சான். தப்புன்னா குத்தம், தப்பிச்சான்னாலும் உசுரு பொழைச்சான். வேல் பிழைச்சா யானை பிழைக்கும். எறிஞ்சவன் பக்கம் நின்னு பாத்தா அது குத்தம், யானை பக்கம் நின்னு பாத்தா அது வாழ்வு, ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் பேசுது. தவறு மட்டும் வேற பக்கம் போயிருச்சு, "பெரியவர் தவறிட்டாரு"ன்னா நம்ம கைய விட்டுப் போயிட்டாரு. அவரைத்தான் அப்புறம் நமக்குத் தேடுது.

டீச்சரம்மாகிட்ட ஒரு கேள்வி, இங்கிலீஷ் மிஸ்டேக்ல இருக்குற 'மிஸ்'ஸும் இதுவும் ஒண்ணா?

மூஞ்சிக்கல்_டீச்சர்:
ஐயா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே ஒக்காந்துட்டேன். ஆமா, சொந்தம்தான். மிஸ்டேக், மிஸ்லீட், மிஸ்அண்டர்ஸ்டாண்ட், இதுல முன்னாடி வர்ற 'மிஸ்' நம்ம மிஸ்ஸுக்கு ரத்த சம்பந்தம். மிஸ்டேக்கே வடக்கு ஐரோப்பாவோட பழைய நார்ஸ் மொழில இருந்து வந்தது, தப்பா எடுக்குறதுன்னு. ஆக அவங்களுக்கும் குறி தவறுறதும் தவறு செய்யுறதும் ஒரே குடும்பம். ஆனா தப்பிப் பிழைக்கிற பக்கம் அவங்க சொல்லு நம்ம சொல்லு அளவுக்குப் போகல.

ஜீப்_அண்ணன்:
டீச்சர் அப்ப புள்ளைங்க ஒங்களக் கூப்புடுற "மிஸ்"?

மூஞ்சிக்கல்_டீச்சர்:
அது வேற அண்ணே, மிஸ்ட்ரஸ்ங்கிற சொல்லோட சுருக்கம், பிரெஞ்சுல இருந்து வந்தது. சத்தம் மட்டும்தான் ஒண்ணு.

மலைக்காத்து:
நான் மொதல்ல ஒரு வரிதான் எழுதுனேன். ஐயா எழுதுனதப் படிச்ச அப்புறம் இன்னும் கொஞ்சம் எழுதணும்னு தோணுது.

2006ல குறிஞ்சி பூத்தப்ப எனக்கு பத்து வயசு. எங்க தாத்தா தோள்ல தூக்கிட்டுப் போயி காமிச்சாரு, மலைச்சரிவு முழுக்க நீலமா, வானம் எங்க முடியுது மலை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. அடுத்து 2018ல பூத்துச்சு. நான் அப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தேன், ஷிப்மெண்ட் நேரம், லீவு கெடைக்கல. வந்து பாக்கும்போது காஞ்ச செடிதான் நின்னுச்சு. தாத்தாவும் அதுக்குள்ள தவறிட்டாரு.

அப்ப ஒரு ஃப்ரெண்டுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போட்டேன், "ஐ மிஸ் குறிஞ்சி"ன்னு. அவன் "மிஸ்ட்னு எழுதுடா, போயிருச்சுல்ல"ன்னு திருத்துனான். அவன் திருத்துனது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு சந்தேகம் டீச்சர்.

மூஞ்சிக்கல்_டீச்சர்:
தம்பி, ரெண்டும் சரி, ஆனா ரெண்டும் வேற வேற. "ஐ மிஸ்ட் தி குறிஞ்சி இன் 2018", பூத்தப்ப நீங்க இல்ல, விட்டுட்டீங்க. "ஐ மிஸ் தி குறிஞ்சி", 2006ல பாத்தீங்களே, அந்த நீலம் ஒங்களுக்கு இப்பவும் தேடுது. பாத்தவங்களுக்குத்தான் ரெண்டாவது வாக்கியம் எழுத முடியும். ஒங்க ஃப்ரெண்டு மொதல் அர்த்தத்த நெனச்சுத் திருத்திருக்காரு, நீங்க எழுதுனது ரெண்டாவது. நீங்க எழுதுனதையே வச்சுக்கங்க.

அடுத்து 2030. இப்பவே லீவு சொல்லி வைங்க.

ஜீப்_அண்ணன்:
தம்பி 2030ல நம்ம ஜீப்ல வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். காசு வேணாம்.

பூண்டுவயல்:
எல்லாருக்கும் கையெடுத்து கும்புடுறேன். இவ்வளவு வரும்னு நெனக்கல.

கம்பளிய அனுப்பிரலாம்னு அப்பத்தா சொல்லிருச்சு. "எனக்கு வேற இருக்குடா, அந்தப் புள்ள தூங்கட்டும்"னு தொவைச்சு, ரெண்டு நாள் வெயில்ல போட்டு, மடிச்சு, நடுவுல ரெண்டு பூண்டு கூட வச்சு கட்டிருச்சு, பூண்டு எதுக்குன்னு கேட்டா எங்கூரு மலைப்பூண்டு அவுக ஊர்ல கெடைக்குமாங்குது. நாளைக்கு மொத பஸ்ல கொடைக்கானல் போயி பார்சல் போடணும். கூட ஒரு சீட்டு இங்கிலீஷ்ல எழுதி வைக்கணும். அப்பத்தா சொன்னது இது: "எனக்கும் அந்தப் புள்ளயத் தேடுதுன்னு எழுது". நான் எழுதிருக்கேன், "மை கிராண்ட்மதர் இஸ் ஆல்ஸோ மிஸ் யுவர் டாட்டர்". சரியா டீச்சர்?

மூஞ்சிக்கல்_டீச்சர்:
அந்த 'இஸ்'ஸ எடுத்துருங்க தம்பி. "மை கிராண்ட்மதர் மிஸ்ஸஸ் யுவர் டாட்டர் டூ". மிஸ்ஸுக்கு அப்புறம் 'இ எஸ்' வரும், மூணு 'எஸ்' வந்த மாதிரி தெரியும், பயப்படாதீங்க, அதுதான் சரி.

பூண்டுவயல்:
எழுதிட்டேன் டீச்சர். அப்பத்தா பேரையும் கீழ தமிழ்ல அதுவே கையெழுத்துப் போட்டுச்சு. பஸ் ஆறே முக்காலுக்கு.